அப்பா 'போ' சொல்லாத சிக்னல்

மார்ச் 7, சனி

இன்று என் கையில் வண்டி நடுரோட்டில் மூன்று தடவை அணைந்து நின்றது. அப்பா நான்கு தடவை தலையில் அடித்துக்கொண்டார். நாலாவது எதுக்கு என்று கேட்டேன். "அடுத்ததுக்கு இப்பவே அடிச்சு வெச்சுட்டேன்" என்றார்.

எல் போர்டைப் பார்த்தாலே இந்த ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அவசரம் வருமோ! பின்னால் வருகிறவன் ஹாரனில் கையை வைத்தால் எடுப்பதே இல்லை. அப்பாவுக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனுஷர். தினமும் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய வானரங்கள் கத்தினாலும் அசைய மாட்டார். அந்த வானரங்களில் ஒன்று என் தங்கை வாலு. அவளுக்கு வீட்டில் அந்தப் பெயர்தான் பொருத்தம்.

அப்பா முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டார். சிக்னலோ திருப்பமோ, அவர் "போ" என்ற பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். பச்சை விழுந்தாலும் நிற்க வேண்டும். "பச்சை விளக்குக்குக் கண்ணு கிடையாது. எனக்கு இருக்கு." இன்னொன்று, ஓட்டும்போது ரோட்டைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது. அவர் முகத்தையும் கூடாது. "என் மூஞ்சில என்ன சினிமாவா ஓடுது?"

அவர் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தரையை ஓட்டை போட்டுக் கால் ரோட்டில் இறங்கத்தான் போகிறது என்கிறாள் அம்மா.

மார்ச் 11, புதன்

பயிற்சிப் பள்ளியில் விதிமுறை வகுப்பு. மேடம் மூச்சுக்கு முந்நூறு தடவை "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்பதால் அவருக்குக் கண்ணாடி மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கும் தெரியும். கண்டுகொள்வதில்லை.

எங்கள் ஊரில் பதினெட்டு ஆவதற்கு முன்பே உரிமம் கிடைக்கும், ஆனால் அதற்கு ஏகப்பட்ட கெடுபிடி. தேர்வில் தேறினாலும் ஒரு வருஷம் சிவப்பு போர்டு. இரவு பத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வண்டியில் நண்பர்களில் ஒரே ஒருவர்தான். (அந்த ஒருவர் யார் என்று இப்போதே அடிதடி. என் தோழி நெட்டச்சி தனக்குத்தான் என்று எழுதி வாங்காத குறை.) தேர்வுக்கு முன்னால், முழு உரிமம் உள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதித்திருக்கிற மணிநேரம் ஓட்டிப் பழக வேண்டும். அது போக "பெற்றோர் வகுப்பு" ஒன்று உண்டு. அதில் வீட்டுப் பெரியவர் முன்னால் என் பக்கத்திலும், மேடம் பின் இருக்கையிலும் உட்காருவார்கள். நாங்கள் எப்படிப் பழகுகிறோம் என்று பார்ப்பார்களாம்.

எங்கள் வீட்டில் உரிமம் உள்ள ஒரே ஜீவன் அப்பா. அம்மா தையல் மெஷினைத் தவிர வேறெந்தச் சக்கரத்தையும் மிதித்ததில்லை.

மேடம் சொன்ன ஒன்று மனதில் நின்றது. "பக்கத்துல உட்கார்றவங்க துணைக்கு வர்றவங்க இல்ல. தூங்கினாலும் தப்பு, குடிச்சிருந்தாலும் தப்பு. நீ பாதி டிரைவர்னா மீதி டிரைவர் அவங்க."

ஜூலையில் தொழிற்பயிற்சி வகுப்பு தொடங்குகிறது. அது ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடம். அதற்குள் உரிமம் கைக்கு வந்தாக வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று நடந்தது எனக்குப் புரியவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்து நின்றோம். நான்தான் முதல் வண்டி. பஸ் ஷெட்டில் யாரோ டீசலுக்குப் பதில் வேறெதையோ ஊற்றிவிட்ட கதையை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். சிக்னலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பச்சை விழுந்தது.

"போலாமாப்பா?"

பதில் இல்லை. பின்னால் ஹாரன். மறுபடி கேட்டேன். இல்லை. வரிசை முழுக்கக் கத்துகிறது. எனக்கு வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. அவர் சட்டப்படி நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை, வண்டியை நகர்த்தவும் இல்லை. பச்சை முழுசாகப் போய் மறுபடி சிவப்பு விழுந்தது. ஒருத்தன் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவுக் கண்ணாடியைத் தட்டி, "தூங்கறதுன்னா வீட்ல போய்த் தூங்கும்மா!" என்று கத்தினான்.

அப்போதுதான் அப்பா பேசினார். "இவன் எதுக்குக் கத்தறான்? சிவப்புலதானே நிக்கிறோம்?"

"பச்சை வந்துட்டுப் போயிடுச்சுப்பா."

"வந்தா எனக்குத் தெரியாதா? கனவு கண்டியா?"

பச்சை வந்தது! என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வரை அவர் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்.

மார்ச் 16, திங்கள்

அப்பா வாலுவிடம் கதையைச் சொல்லிவிட்டார். அவள் இன்று முழுக்க என்னைக் கண்டால் விறைப்பாக நின்று "சிக்னல் சிலை" என்கிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

கிடங்குகள் இருக்கும் சாலையில் ஓட்டினோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே லாரி இருக்காது. அப்பா நல்ல குஷியில் இருந்தார். "அடுத்த முனைல வேகத்தக் குறைச்சு—" என்றார். அதோடு நின்றது. அடுத்த வார்த்தை வரவே இல்லை.

இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். சட்டமாவது மண்ணாவது.

கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. வாயில் ஏதோ மெல்வது போல உதடு அசைந்தது, ஆனால் வாயில் ஒன்றும் இல்லை. ஒரு கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. தரையில் கால் அசையாமல் கிடந்தது. அப்பா, அப்பா என்று கத்தினேன். அந்த ஆள் அங்கே இல்லை.

கண்ணாடியைப் பார்த்து, விளக்குப் போட்டு, ஓரமாக நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கை பிரேக்கைக்கூடப் போட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்து, "ஏன் நிறுத்தின? நான் நிறுத்தச் சொன்னேனா?" என்றார்.

"உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுப்பா."

"எனக்கென்ன ஆச்சு? வெயில் ஏறுது, எடு வண்டிய."

எடுத்தேன். வேறென்ன செய்ய? வீடு வரை என் ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அவர் மேல். இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.

அவர் மறைக்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை.

மார்ச் 23, திங்கள்

காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். தெருமுனையில் பஸ். வாலு முன் இருக்கைக்கு முண்டியடித்து ஏறினாள். அப்பா எனக்குக் கை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். சாயங்காலம் இருவரும் திரும்பி வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 25, புதன்

அம்மாவிடம் சொன்னேன். அவள் துணிக்கடையிலிருந்து திருத்துவதற்கு வந்த கால்சட்டைகளை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் நாலைந்து குண்டூசி. அதோடுதான் பேசுவாள், ஒன்றும் விழாது.

"யோசனைல இருந்திருப்பாரு."

"கண்ணு திறந்திருக்கும்மா. கூப்பிட்டா கேக்கல. வாய மென்னுக்கிட்டே..."

ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகுதான் சொன்னாள். "சாப்பிடறப்ப சில நேரம் அப்படித்தான். கை பாதில நின்னுடும். கூப்பிட்டா கேக்காது. அசதி. ஓடா உழைக்கிற மனுஷன்."

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும்! எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அதையெல்லாம் யார் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எரிந்து விழுந்தாள். டாக்டர் என்ற வார்த்தையை எடுத்ததும் குரலே மாறிவிட்டது.

"கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்னு தெரியுமில்ல? பஸ்ஸ வாங்கிட்டு வீட்ல உட்கார வெச்சிடுவாங்க. லீவு நாள்லயே ஷெட்டுக்குப் போய் அதத் தொட்டுப் பாத்துட்டு வர்ற ஆளு. வீட்ல அடைச்சு வெச்சா என்ன ஆவாரு?"

"வாலு அந்த பஸ்லதாம்மா போறா."

"வாய மூடு" என்றாள். அம்மா என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

மார்ச் 28, சனி

அப்பாவிடமே சொல்லிவிட்டேன். வண்டியில் ஏறி, பெல்ட் போட்டு, சாவியைத் திருகாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். சிக்னலையும், கிடங்குச் சாலையையும், சட்டைப் பொத்தானையும்.

முதலில் சிரித்தார். பிறகு முகம் சிவந்தது.

"வண்டிய நடுரோட்ல நிறுத்தினது நீ. பழியத் தூக்கி எம்மேல போடறியா?"

"பழி இல்லப்பா—"

"நான் பஸ் பிடிச்சு இத்தன வருஷத்துல ஒரு சிராய்ப்பு உண்டா? எந்தப் பிள்ளைக்காவது ஒரு கீறல் உண்டா? நேத்து எல் போர்டு கட்டினவ நீ எனக்குச் சொல்ல வந்துட்ட!"

எங்கள் இருவரில் யார் பேச்சு எடுபடும்? சிக்னலில் விழித்துக்கொண்டு நின்ற பெண் நான். ஊரே மெச்சும் டிரைவர் அவர். வெளியில் கேட்டால் நானே என்னை நம்ப மாட்டேன். ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. பச்சை விழுந்ததா? விழுந்தது. விழுந்தது. விழுந்தது.

இன்று வண்டி எடுக்கவே இல்லை. இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். இந்தக் கோபத்தில்கூட, இறங்கும் முன் கண்ணாடியில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துத்தான் கதவைத் திறந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

கணினியில் விதிமுறைத் தேர்வு. தேறிவிட்டேன்.

இடையில் ஒரு கேள்வி. "ஓட்டுநர் ஒருவர் அண்மையில் சிறிது நேரம் நினைவு தப்பியிருந்தார். இப்போது நலமாக உணர்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?" நான்கு விடைகள். ஓய்வெடுத்துவிட்டு ஓட்டலாம். குறைந்த தூரம் ஓட்டலாம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்டலாம். மருத்துவர் அனுமதிக்கும் வரை ஓட்டக் கூடாது.

நான்கையும் இரண்டு தடவை படித்தேன். பிறகு கடைசி விடையை அழுத்தினேன். திரையில் அடுத்த கேள்வி வந்துவிட்டது, ஏதோ டயர் காற்றைப் பற்றி.

வீட்டில் அப்பா எனக்காக இனிப்பு வாங்கி வைத்திருந்தார். சண்டை போட்ட பிறகு அவராக வந்து பேசியது இன்றுதான். "எம் பொண்ணு ஒரு கேள்வி கூட விடலன்னு ஷெட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். இனிப்பைத் தொண்டைக்குள் தள்ளினேன். சரியான விடை தெரிந்தும் வீட்டில் வாயைத் திறக்கத் துப்பில்லாதவள் நான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இவர் இல்லையென்றால் எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. தேர்வு தள்ளிப் போகும். ஜூலை போச்சு. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஏப்ரல் 11, சனி

பெற்றோர் வகுப்பு.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கண்ணாடி மேடம் பின் இருக்கையில். ஊர் முழுக்க ஒரு சுற்று. அப்பா அவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கத்தல் இல்லை. மேடமே, "சார், எங்ககிட்ட வேலைக்கு வந்துடுங்க" என்றார். ஒன்றே ஒன்றுதான் குறை சொன்னார். "இந்த 'போ' சொல்றத விட்டுடுங்க சார். அவளே பாத்து முடிவு பண்ணட்டும்."

வழி நெடுக நான் என்ன வேண்டிக்கொண்டு வந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். வரட்டும், இப்போது வரட்டும், மேடம் பார்க்கட்டும் என்றுதான். பெற்ற அப்பாவுக்கு! சீ. ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் அதையேதான் வேண்டினேன். வரவில்லை. கல்லுக்குண்டு போல உட்கார்ந்திருந்தார்.

பள்ளி வாசலில் நிறுத்தியதும் மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பக்கத்துல உட்கார்றவர் மேல என்ன குறை இருந்தாலும் இப்பச் சொல்லு. இந்த வகுப்பே அதுக்குத்தான். என்ன, ரொம்பக் கத்துவாரா?" அப்பாவும் சிரித்தார்.

சொல்லிவிட்டேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும்.

அப்பா மெதுவாக பெல்ட்டைக் கழற்றினார். "இவளுக்கு ஓட்டப் பயம் மேடம். அதான்" என்றார். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தே போய்விட்டார்.

மேடம் முன்னால் வந்து உட்கார்ந்தார். "கேட்டுட்டேன். கேக்காத மாதிரி என்னால இருக்க முடியாது. அவரே போய் டாக்டரப் பாத்துட்டா அவருக்கு மரியாதை. இந்த வாரத்துக்குள்ள போகலன்னா நான் எழுதிக் குடுத்துத்தான் ஆகணும். அதுவரைக்கும் நீ அவரோட வண்டி எடுக்கக் கூடாது."

"பஸ்ஸு மேடம்? திங்கட்கிழமை பஸ் எடுப்பாரே?"

"நான் இன்னிக்கே எழுதினாலும் ஆபீஸ்ல அதப் பிரிச்சுப் பாக்க நாளாகும்மா. அவரா மனசு வெச்சாத்தான் நிக்கும்" என்றார். நான் அழுதேன். என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது. அப்பா என் முகத்தில் விழிப்பதில்லை. அம்மா ஒரு வாக்கியம்தான் பேசினாள். "வெளியாள் முன்னாடி அந்த மனுஷனத் தலைகுனிய வெச்சிட்டியே." அப்பாவுக்குக் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னாள். "அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியாதா?"

சரி. நான்தான் பொய்க்காரி. அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 13, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அப்பா சீருடை போட்டு பஸ் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாலு ஒரு காலில் மட்டும் காலுறையோடு நொண்டி அடித்துக்கொண்டு பையைத் தேடினாள். பை அம்மா கையில் இருந்தது. அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"அவ இன்னிக்கு வரல" என்றாள்.

"ஏன்?"

"வயித்து வலி."

"யாருக்கு? எனக்கா? எனக்கு வயிறே வலிக்கலையே!" என்றாள் வாலு. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

அப்பா அம்மாவையே பார்த்தார். "நேத்து என்ன சொன்ன? எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னல்ல?"

"சொன்னேன்."

"அப்ப ஏத்தி விடு."

அம்மா பையை விடவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் கோணியது. "முடியலங்க" என்றாள். "என்னால முடியலங்க."

நான் சொன்னபோது, மேடம் முன்னால் சொன்னபோது, வராத ஒன்று அப்போது அப்பா முகத்தில் வந்தது. அப்படியே செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்தார். அது ஆட்டம் கண்டது. சாவியைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"உம் பிள்ளைய நீ ஏத்த மாட்ட" என்றார். "முனைல நாலு பிள்ளைங்க நிக்குது. அதுங்கள மட்டும் நான் ஏத்தணுமா?"

வாலு மெதுவாக அந்த ஒற்றைக் காலுறையைக் கழற்றினாள்.

அப்பா ஷெட்டுக்கு போன் செய்தார். "இன்னிக்கு வேற ஆள அனுப்புங்க சார். பஸ் எங்க தெரு முனைலதான் நிக்குது, சாவி எங்கிட்ட இருக்கு... இல்ல சார், காய்ச்சல் இல்ல. என்னன்னு எனக்கே தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் என்னைப் பார்க்கிறார்.

"அந்தச் சிக்னல்ல... எவ்ளோ நேரம் நான் அப்படி இருந்தேன்?"

"ஒரு பச்சை முழுசும்பா."

தலையை மட்டும் ஆட்டினார். அம்மா வாலுவின் பையைப் பிடித்தபடியே அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

தலையெல்லாம் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். வலிப்பில் இது ஒரு வகையாம். கை கால் வெட்டாது, கீழே விழ மாட்டார்கள். ஆள் உட்கார்ந்திருப்பார், நினைவு மட்டும் இருக்காது. பாதி பேருக்குத் தங்களுக்கு வந்துபோனதே தெரியாதாம். டாக்டர் இதைச் சொன்னபோது அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

மாத்திரைக்குக் கட்டுப்பட்டால் ஒரு வருஷம் கழித்துக் கார் ஓட்டுவதைப் பற்றி யோசிக்கலாமாம். பஸ்ஸைப் பற்றி அப்பா கேட்டார். டாக்டர் மேசையில் இருந்த பேனாவைத் திறந்தார், மூடினார். "அத மறந்துடுங்க" என்றார்.

அப்பா உரிமத்தை அவரே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். யாரையும் கூட வர விடவில்லை. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்தது சரிதான். சரியைச் செய்தால் நெஞ்சு லேசாகும் என்று சொன்னவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

மே 10, ஞாயிறு

இப்போது எனக்குப் பக்கத்தில் அத்தை உட்காருகிறாள், அப்பாவின் அக்கா. விஷயம் தெரிந்து வெளியூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். உரிமம் வாங்கி எத்தனையோ வருஷம். ஆனால் திருப்பம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். "அத்தை, நீங்க பாதி டிரைவர்" என்றேன். "திரும்பி முடிச்சதும் சொல்லு, அந்தப் பாதி கண்ணத் திறக்கும்" என்கிறாள்.

அப்பா வாசலில் நின்று நாங்கள் கிளம்புவதைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்வதில்லை. என்னோடு பேசுகிறார்தான். உப்பு எடு, விளக்கை அணை. அவ்வளவுதான்.

ஜூன் 3, புதன்

ஷெட்டில் அப்பாவைக் கைவிடவில்லை. டாக்டரிடமும் கேட்டுவிட்டு, அதே பஸ்ஸில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருக்கிறார்கள். பஸ் படிக்கட்டுப் பக்கம் நிற்க வேறொரு அம்மா உண்டு. அப்பா உள்ளே. ஓட்டுவது புதிதாக வந்த ஒரு பையன்.

முதல் நாள் திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "கியர் மாத்தறானாம் கியர்! தேங்காய் உடைக்கிற மாதிரி. என் வண்டி என்னா பாடுபடுது தெரியுமா?" அம்மா சிரித்தபடி டீ போட்டாள். அம்மா சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 20, சனி

தேறிவிட்டேன்!! ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததும் அரை நொடி நின்றுவிட்டு, பிறகு நானே பார்த்து எடுத்தேன். தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். போகட்டும்.

கண்ணாடி மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டார். நெட்டச்சி அந்த ஒற்றை இடத்தில் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்றாள். சிவப்பு போர்டை அத்தைதான் மாட்டினாள்.

அப்பாவை ஷெட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நடந்து பழகிட்டேன்" என்றார்.

ஜூன் 29, திங்கள்

இன்றும் கேட்டேன். இன்றும் வேண்டாம் என்றார். இனிக் கேட்கப் போவதில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

ஜூலை 8, புதன்

வகுப்பு முடிந்து நான் வந்தபோது எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வழக்கம்போலப் புது டிரைவரைத் திட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னிக்கு ஒண்ணு வந்துது" என்றார்.

அம்மாவின் கரண்டி நின்றது. "மாத்திரை போட்டுமா?"

"போட்டும். எனக்குத் தெரியல. வாலு சொன்னா."

"எந் தண்ணி பாட்டில் அப்பா கைல இருந்துது. குடுப்பான்னா குடுக்கவே இல்ல" என்றாள் வாலு. "அப்புறமாக் குடுத்துட்டாரு." அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க வெச்சுங்க?" என்றாள் அம்மா.

"ஆத்துப் பாலத்துல போல. ஏறினது ஞாபகம் இருக்கு. எறங்கினது இல்ல. பாத்தா பள்ளிக்கூட வாசல்." தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். "பஸ் நிறைய இருந்தாங்க. இன்னிக்கு ஒருத்தர் கூட லீவு இல்ல."

அந்தப் பாலத்தின் இறக்கம் எனக்குத் தெரியும். அங்கே பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியாது.

"அந்தப் பையன்தான் ஓட்டினான்" என்றார் அப்பா. "கியர் மாத்தறதுதான் சகிக்கல. ஆனா நல்லா ஓட்டறான்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போய்ச் சொல்லணும். மாத்திரைய மாத்தணுமோ என்னவோ. நீ ஓட்டிட்டு வர்றியா?"

"வர்றேம்பா."

"காலைலயே கெளம்பணும்."

"சரிப்பா."

தானும் வருவேன் என்று வாலு குதித்தாள். டாக்டரிடம் உனக்கென்ன வேலை, ஒழுங்காக பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போ என்று அப்பா அவளை அதட்டினார்.